பத்து கஜச் சங்கிலியும் குகனின் அம்மாவும்

சங்கிலி பிடிக்கிற வேலையில் ஒரு பெரிய வசதி, ஆட்டம் புரிய வேண்டிய அவசியமே கிடையாது. நிற்கச் சொன்ன இடத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றால் போதும்.

புரியாத வேலையைப் புரிந்த முகத்தோடு செய்துகொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டுகிறார்களே என்று நீங்களும் ஆட்டியிருப்பீர்கள். யாரோ நீட்டிய காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஜெர்மனியில் நான் நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் செய்து வருவதும் ஏறக்குறைய அதுதான். ஒரே வித்தியாசம், நான் செய்வதை இருநூறு பேர் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள்.

ஆள் பிடித்த கதை

வார நாட்களில் நான் எர்லாங்கனில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உலோகத் துண்டுகளை அளக்கிறேன். ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தால் வரும் கனம் இருக்கிறதே, அந்தக் கணக்கில். பக்கத்து மேஜை மத்தியாஸ் நல்ல மனிதன். அவன் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளன் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த அன்றே மாட்டிக்கொண்டேன்.

உள்ளூரில் ஆட்டம் நடந்தால், எல்லைக்கோட்டில் சங்கிலி பிடிக்க மூன்று பேரை உள்ளூர் அணியே கொண்டுவர வேண்டுமாம். பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கல்யாணம் ஆகி முனிச் போய்விட்டார். கேன்டீனில் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தான் மத்தியாஸ். எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட், அதுவும் டி.வி.யில்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவன் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "உனக்கு ஆட்டம் தெரியாது என்பதுதான் உன் தகுதி. தெரிந்தவர்களைச் சங்கிலி பிடிக்க விட்டால் நடுவரோடு சண்டைக்குப் போய்விடுகிறார்கள்."

பத்து கஜம்

இந்த நாட்டில் பால், பாதை, படுக்கை எல்லாம் மெட்ரிக் அளவு. அந்த மைதானத்துக்குள் நுழைந்தால் மட்டும் கஜம். நம் ஊர் ஜவுளிக்கடைகளே கைவிட்ட கஜத்தை இங்கே வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை விதி இதுதான்: பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தைக் காட்டுவதுதான் எங்கள் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கம்பு. முன் கம்பு நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மையாரிடம். பின் கம்பு என்னிடம். எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் கம்பு இன்னொருவரிடம்.

சங்கிலியில் ஒரு கிளிப் உண்டு. அதுதான் உயிர். நான் கம்பை ஊன்றியதும், சங்கிலி எந்தக் குறுக்குக் கோட்டைக் கடக்கிறதோ அந்த இடத்தில் கிளிப்பை மாட்ட வேண்டும். பந்து போதுமான தூரம் வந்ததா என்று சந்தேகம் வந்தால், சங்கிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, கிளிப்பை அதே கோட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். கிளிப் சரியாக இருந்தால் அளவும் சரி.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்துக் கோட்டு நடுவர் திரு. லுட்ஸ், இந்த ஊர் வழக்கில் ஹெர் லுட்ஸ். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், சிரிப்பதற்கும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று நினைப்பவர். முதல் நாள் ஒரு மணி நேரம் கம்போடு ஓடிய பிறகு, எந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடமே கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மைதானத்தில் பாரபட்சமே இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான். தயவுசெய்து இப்படியே இருங்கள்."

எதிர் முகாம்

எங்கள் மைதானத்தில் சங்கிலி ஓடுவது வெளியூர் அணி உட்காரும் பக்கம். ஆக, நான் உள்ளூர்க்காரனாக இருந்தும் ஆட்டம் முழுக்க நிற்பது எதிராளிகளின் நடுவில். அவர்கள் திட்டுவது, அழுவது, வாந்தி எடுப்பது எல்லாம் என் காதருகே. எங்கள் ஆட்கள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் எறும்பு சைஸில் தெரிவார்கள். யாருக்கும் கை தட்டக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது என்பது லுட்ஸின் கட்டளை. யாருக்கு எப்போது தட்ட வேண்டும் என்றே தெரியாததால், அதைக் கடைப்பிடிப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஒரு முறை பாம்பெர்க் பக்கத்து அணி ஒன்று எங்களிடம் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கியது. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய பயிற்சியாளர் நேரே என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கம்பைக் குறுக்கே பிடித்தேன். அவர் கண் கலங்கி என் தோளில் கை வைத்தார். "இன்று என் பக்கத்தில் நின்ற ஐம்பது பேரில், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றவன் நீ ஒருவன்தான்."

சட்டை அழுக்காகாத குகன்

எங்கள் அணியில் ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான் என்பது எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. எல்லாரும் ஹெல்மெட் போட்டு, முகத்துக்கு முன் கம்பி வேலி வைத்திருந்தால் எப்படித் தெரியும்? ஒரு நாள் ஆட்டம் முடிந்து சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணை, நான் உதவி செய்யட்டோ?" என்று குரல். வுப்பெர்டாலில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான். பெயர் குகன்.

அவன் சட்டை மட்டும் எப்போதும் சலவையில் இருந்து வந்ததுபோல் இருக்கும். மற்றவர்கள் சேற்றில் புரண்ட எருமை மாதிரி வருவார்கள். மூன்று வருஷம், ஒரு பயிற்சி தவறியதில்லை, ஒரு ஆட்டத்தில்கூட அவனை இறக்கியதில்லை. கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் மெதுவு. "ஒய் மேன், ஏன் இன்னும் கன்டினியூ பண்றே?" என்று ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவன் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "எனக்கு ஓடத் தெரியும் அண்ணை, விழவும் தெரியும். விடத்தான் ஆக்கள் இல்லை."

வசதியான எதிரி

போன பருவத்தின் கடைசி ஆட்டம். வர வேண்டிய அணி கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக, எங்களைவிட இரண்டு பிரிவு கீழே ஆடும் ஒரு கிராமத்து அணியை அழைத்தார்கள். பேக்கரிக்காரர், கூரை வேய்பவர், டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவர் என்று ஒரு கூட்டம். எங்கள் பையன்கள் சிரித்துக்கொண்டார்கள்.

குகனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. படிப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கீல் நகரத்தில் வேலையில் சேர வேண்டும். மத்தியாஸ் அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தான்: முப்பது புள்ளி முன்னிலை வந்ததும் உன்னை இறக்குவேன். குகன் உடனே அம்மாவுக்கு போன் போட்டுவிட்டான். மூன்று வருஷமாக மகன் ஏதோ விளையாடுகிறான் என்று நம்பிக்கொண்டிருந்த அம்மா, முதல் தடவையாகப் பார்க்க வருகிறார். ஆய்வுக்கூடத்தில் மத்தியாஸிடம் கேட்டேன், முப்பது வருமா என்று. அவன் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்: "பாதி ஆட்டத்திலேயே வந்துவிடும். அம்மாவை நேரத்துக்கு வரச் சொல்."

நாற்காலி

அம்மா நேரத்துக்கு வந்தார். வாசல்தான் மாறிவிட்டது. பேருந்து நிறுத்தம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பதால், நேரே கிராமத்து அணியின் பக்கம் வந்து நின்றார். கையில் இரண்டு டப்பா. செம்பட்டைத் தாடி வைத்த ஒரு மலை போன்ற ஆள், பெயர் டோனி, பேக்கரிக்காரர், தன் மடக்கு நாற்காலியை விரித்துக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மட்டன் ரோல்ஸ். ஐந்து நிமிடத்தில் கிராமத்து அணி முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. "அன்ரி, குகன் அந்தப் பக்கம் இருக்கான்," என்றேன். "ஓம் தம்பி, தெரியுது. ஆனா இந்தப் பிள்ளையள் கதிரை தந்தவையெல்லோ. உடன எழும்பிப் போறது வடிவில்லை," என்றார்.

ஆட்டம் தொடங்கியது. ஏன் நிற்கிறார்கள், ஏன் விசில், அந்த மஞ்சள் துணியை ஏன் எறிந்தார்கள் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலு வருஷ அனுபவசாலியான நான் ஒவ்வொன்றுக்கும், "அது அப்படித்தான் அன்ரி," என்றேன். இடைவேளையின்போது பதினான்குக்குப் பதினான்கு. முப்பது புள்ளி முன்னிலை எந்தத் திசையிலும் தென்படவில்லை. ரோல்ஸின் மகிமையோ என்னவோ, டோனி இரண்டு பேரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே ஓடினார். அம்மா ஒவ்வொரு தடவையும் கை தட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து தன் சந்தேகத்தைக் கேட்டார்: "எல்லாரும் ஒண்டா விழுகினம், பிறகு எழும்பிக் கூட்டம் போட்டுக் கதைக்கினம். விழ முந்திக் கதைச்சால் என்ன தம்பி?"

தாண்டக்கூடாது

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நாங்கள் இருபத்தொன்று, அவர்கள் இருபது. பந்து அவர்களிடம். அவர்கள் அப்போதுதான் பத்து கஜம் கடந்திருந்தார்கள், உடனே ஓய்வு கேட்டார்கள். அந்த இடைவெளியில் அம்மா எழுந்து, ஒரு ரோலை டிஷ்யூவில் சுற்றி, கோட்டருகே நின்ற டோனியின் கையில் கொடுக்கப் போனார். நாங்கள் சங்கிலியோடு புதிய இடத்துக்கு ஓடி வந்து ஊன்றினோம். பார்த்தால் அம்மா சங்கிலிக்கும் மைதானத்துக்கும் நடுவில் நிற்கிறார். ஆட்டம் தொடங்கப் போகிறது. லுட்ஸ் கத்துகிறார்.

"அன்ரி, சீக்கிரம், தாண்டி வந்துடுங்க." முழங்கால் உயரம்கூட இல்லை, தரையோடு கிடக்கிற சங்கிலி. அம்மா அசையவில்லை. யாராக இருந்தாலும் ஒரு எட்டு வைத்திருப்பார்கள். ஆனால் எனக்கும் புரிந்தது. எங்கள் வீட்டில் நீட்டியிருக்கும் காலைத் தாண்டிவிட்டால், திரும்பித் தாண்டு என்று அதட்டல் வரும். யோசிக்கவே இல்லை. கிளிப் இன்னும் மாட்டவில்லை என்பதும் நினைவில் இல்லை. கம்பைப் பிடுங்கித் தூக்கினேன். அம்மா தலை குனிந்து அடியில் நுழைந்து வந்தார். மறுபடி ஊன்றினேன், ஏறக்குறைய அதே இடத்தில். கிளிப்பை மாட்டினேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "பிழையா நினையாதேங்கோ தம்பி. ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சாமானைத் தாண்டிப் போக எனக்கு ஏலாது."

ஒரு சாண்

அந்த ஏறக்குறைய என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? மைதானத்தின் நடுவில். நாலு முயற்சி முடிந்து பந்து பத்து கஜத்தின் விளிம்பில் கிடந்தது. தலைமை நடுவர் கைகாட்டினார். லுட்ஸ் கிளிப்பைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் மூவரும் உள்ளே ஓடினோம். அந்த நாலு வருஷத்தில் இரண்டே தடவைதான் உள்ளே போயிருந்தேன். சங்கிலியை இழுத்தார்கள். பந்துக்கும் முன் கம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பத்து கஜம் ஆகவில்லை. பந்து எங்களுக்கு. இனி எங்கள் ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டு மூன்று முறை தரையில் முழங்கால் போட்டு நேரத்தை ஓட்டினால் ஆட்டம் முடிந்தது. அந்தப் பக்கம் மத்தியாஸ் குகனின் முதுகில் தட்டுவதைப் பார்த்தேன். முழங்கால் போடும்போது ஒரு ஆள் வரிசையில் சும்மா நிற்கலாம் அல்லவா? குகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் டோனி இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் குனிந்து அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டம் போட்டு நல்லவனாக இருப்பவன் இல்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஹெர் லுட்ஸ், நான் கம்பைத் தூக்கினேன். கிளிப் மாட்டுவதற்கு முன்னால். இது சரியான இடம் இல்லை." நடுவர்கள் கூடிப் பேசினார்கள். சங்கிலியை நம்ப முடியாவிட்டால் கண்ணால் பார்த்ததுதான் கணக்கு என்றார்கள். தலைமை நடுவரின் கண்ணுக்குப் பத்து கஜம் ஆகியிருந்தது. பந்து கிராமத்துக்கே. குகன் ஹெல்மெட்டைக் கழற்றினான். உண்மை பேசினால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்குக் குகன் இருந்த பக்கம் பார்க்கவே முடியவில்லை. ஓடி ஒளிய இடம் இல்லாமல் கம்போடு கோட்டுக்குத் திரும்பினேன். ஏன் தூக்கினாய் என்று லுட்ஸ் கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் இருந்த அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார். "பதினெட்டு வருஷத்தில் இந்தச் சங்கிலியை நாய் தாண்டியிருக்கிறது, சைக்கிள் தாண்டியிருக்கிறது, ஒரு மேயர் தாண்டியிருக்கிறார். தாண்ட மாட்டேன் என்று நின்ற முதல் ஆள் இவர்தான்."

பத்து விநாடி

அடுத்த இரண்டாவது முயற்சியில் டோனி பந்தோடு கடைசிக் கோட்டைக் கடந்து ஆறு புள்ளி எடுத்துவிட்டார். அவர்கள் இருபத்தாறு, நாங்கள் இருபத்தொன்று. கிராமத்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். அம்மாவும் எழுந்து நின்று தட்டினார். மிச்சம் பத்து விநாடி. புள்ளி எடுத்த அவர்கள் பந்தை எங்கள் பக்கம் உதைப்பார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பிடித்து மறு கோடிவரை ஓடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அப்போது அந்தப் பக்கம் ஒரே கலவரம். எங்கள் ஆள் ஒருவன் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துத் தரையில் துடிக்கிறான். மத்தியாஸ் தலையைப் பிய்த்துக்கொண்டு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் ஏற்கெனவே உள்ளே, அல்லது கட்டுப் போட்டுக்கொண்டு. வெள்ளை வெளேர் என்று ஒரே ஒரு சட்டை. சும்மா நிற்பதற்காகக் கூப்பிட்டு வைத்திருந்தவனை, ஜெயித்தே ஆக வேண்டிய நேரத்தில் உள்ளே தள்ளினான். கை தட்டக்கூடாத நான் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா இதை எதையும் கவனிக்கவில்லை, டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

உதைத்தார்கள். எங்கள் பந்துக்காரன் நாங்கள் சங்கிலியோடு நின்ற பக்கத்துக் கோட்டோரமாகவே ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு குகன். எதிரே டோனி. குகன் விலகவில்லை, நிற்கவும் இல்லை, நேரே போனான். சத்தம் கேட்டது. ஒல்லிப் பையன் அப்படியே பின்னோக்கிப் பறந்து வந்து அம்மாவின் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி மல்லாந்து விழுந்தான். அம்மா துள்ளி எழுந்து டோனிக்குக் கை தட்டினார். "அப்பிடித்தான் அப்பன்!" பந்துக்காரனையும் இன்னொருவன் பிடித்துவிட்டான். விசில். ஆட்டம் முடிந்தது. கீழே கிடந்தவன் மெதுவாக உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். வாயில் புல், சட்டை முழுக்கச் சேறு, காது வரைக்கும் சிரிப்பு. அம்மாவின் கை தட்டின நிலையிலேயே நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. லுட்ஸ் பார்க்காதபடி சங்கிலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்தனீங்களோ அம்மா?" என்றான் குகன். டோனி அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அம்மா தன் சேலைத் தலைப்பால் மகனின் வாயோரம் இருந்த புல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓம் அப்பன், முழுக்கப் பாத்தனான். ஆனா நான் மற்றப் பெடியனுக்கெல்லோ கை தட்டிப்போட்டன்."

அன்று யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று இன்றுவரை என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இருந்தும் இந்தப் பருவத்துக்கும் அளக்கிற பொறுப்பை என்னை நம்பித்தான் ஒப்படைத்திருக்கிறார்கள்.